எண்ணெய்க் குழாயில் பூர்வகுடிகளுக்குப் பங்கு என்றால் என்ன?

கனடாவில் புதிய எண்ணெய்க் குழாய் பற்றிய பேச்சு கிளம்பும்போதெல்லாம் "இதில் பூர்வகுடிகளுக்கும் பங்கு உண்டு" என்ற வாக்கியமும் கூடவே வந்துவிடுகிறது. அமைச்சர்களின் பேட்டியில், தொலைக்காட்சி விவாதத்தில், டொரோண்டோ தமிழர்களின் வாட்ஸாப் குழுக்களில் என எல்லா இடத்திலும் அது ஓடுகிறது. கேட்பவர்கள் அதை மூன்று விதமாக எடுத்துக்கொள்கிறார்கள். அரசாங்கம் அவர்களுக்குச் சும்மா தூக்கிக் கொடுக்கிறது என்கிறார்கள் சிலர். பங்கு வாங்கிவிட்டார்கள் என்றால் எல்லாரும் ஒத்துக்கொண்டுவிட்டார்கள் என்கிறார்கள் வேறு சிலர். எண்ணெய் நிறுவனங்கள் அவர்களை விலைக்கு வாங்கிவிட்டன என்று வருத்தப்படுபவர்களும் உண்டு.

மூன்றுமே தவறு. நூறாண்டுகளாக நிலத்தை இழந்துவந்த மக்களைப் பற்றி இவ்வளவு மேலோட்டமாகப் பேசுவது எனக்குப் பொறுக்கவில்லை. அதனால்தான் இதை அடிப்படையிலிருந்து எழுதுகிறேன். கணக்குப் பாடம் தெரிந்திருக்க வேண்டியதில்லை, சட்டமும் தெரிந்திருக்க வேண்டியதில்லை. கீழே டாலர் என்று வரும் இடமெல்லாம் கனடிய டாலர்.

யாரைப் பற்றிப் பேசுகிறோம்?

கனடாவின் 1982 அரசியல் சட்டம் மூன்று பூர்வகுடிப் பிரிவுகளை ஏற்கிறது: ஃபர்ஸ்ட் நேஷன்ஸ் எனப்படும் முதல் குடிகள், வட துருவப் பகுதியின் இனுயிட் மக்கள், முதல் குடியினரும் ஐரோப்பியரும் கலந்த வழியில் தனி இனமாக உருவான மெத்தி மக்கள். 2021 மக்கள்தொகைக் கணக்கின்படி எல்லாரும் சேர்ந்து சுமார் 18 லட்சம் பேர், நாட்டின் மக்கள்தொகையில் 5 சதவீதம். முதல் குடிகள் மட்டுமே 600-க்கும் மேற்பட்ட தனித்தனிச் சமூகங்கள். ஒவ்வொன்றுக்கும் தனி நிர்வாகம், தனி வரலாறு. ஆயிரம் கிலோமீட்டர் குழாய் போட்டால் அது பல டஜன் சமூகங்களின் நிலத்தைக் கடக்கும். ஆகவே "பூர்வகுடிகள் ஆதரிக்கிறார்கள்" என்றோ "எதிர்க்கிறார்கள்" என்றோ ஒரே வரியில் சொல்லும் செய்தியை நான் நம்புவதில்லை.

நிலத்தின் கதையும் இடத்துக்கு இடம் மாறும். எண்ணெய் கிடைக்கும் ஆல்பெர்ட்டா மாகாணம் பழைய ஒப்பந்தங்களின் கீழ் வருகிறது. வட ஆல்பெர்ட்டாவின் தார்மணல் (கெட்டியான எண்ணெய் கலந்த மணல்) வயல்கள் இருப்பது 1899-இல் கையெழுத்தான எட்டாம் எண் ஒப்பந்தத்தின் நிலப்பரப்பில். அந்த ஒப்பந்தம் ஆளுக்கு வருடம் 5 டாலர் தருவதாகச் சொன்னது. இன்றும் அதே 5 டாலர்தான். ஒப்பந்த நாளில் சமூகக் கூடத்தில் மேசை போட்டு, சிவப்புச் சீருடை போலீஸ்காரர் பக்கத்தில் நிற்க, வரிசையில் வருபவர்களின் பெயரைப் பதிவேட்டில் பார்த்து 5 டாலர் தாளைக் கையில் கொடுக்கிறார்கள். அந்த மண்ணுக்கு அடியிலிருந்து 1967 முதல் வணிக அளவில் எண்ணெய் எடுத்துக்கொண்டிருக்கிறார்கள். பங்கு கேட்கும் குரல் எங்கிருந்து வருகிறது என்று புரிந்துகொள்ள இந்த 5 டாலர் தாள் ஒன்றே போதும்.

எண்ணெய் கடலுக்குப் போக வேண்டிய பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணத்தில் நிலைமை வேறு. அங்கே பெரும்பகுதி நிலத்துக்கு ஒப்பந்தமே போடப்படவில்லை. யாரும் எழுதிக் கொடுக்காத நிலம். 2014-இல் சில்கோட்டின் மக்களின் வழக்கில் உச்ச நீதிமன்றம் சுமார் 1,750 சதுர கிலோமீட்டர் நிலம் அவர்களுடையதே என்று தீர்ப்பளித்தது. அதன் பிறகு அந்த மாகாணத்தில் குழாய் போட நினைக்கும் எவரும் "இது யாருடைய நிலம்?" என்ற கேள்வியைத் தாண்டிப் போக முடியாது.

குழப்பும் நான்கு சொற்கள்

செய்திகளில் நான்கு விஷயங்கள் ஒன்றாகக் கலந்துவிடுகின்றன. ஒவ்வொன்றையும் ஒரு முறை விளக்கிவிடுகிறேன்.

கலந்தாலோசனைக் கடமை: ஒரு சமூகத்தின் உரிமையைப் பாதிக்கக்கூடிய முடிவை எடுக்கும் முன் அரசு அவர்களிடம் போய்ப் பேசியே ஆக வேண்டும். 2004-இல் ஹைடா மக்களின் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதை உறுதிசெய்தது. இது அரசின் கடமை. குழாய் நிறுவனம் நடைமுறை வேலைகளைச் செய்யலாம், பொறுப்பு அரசினுடையதுதான்.

பலன் பகிர்வு ஒப்பந்தம்: நிறுவனமும் சமூகமும் செய்துகொள்வது. வேலைவாய்ப்பு, பயிற்சி, ஒப்பந்தப் பணிகள், ஒரு தொகை. சமூகம் நிறுவனத்தின் உரிமையாளர் ஆவதில்லை.

பங்குரிமை: குழாயின் ஒரு பகுதியையே சொந்தமாக்கிக்கொள்வது. இந்தக் கட்டுரை இதைப் பற்றியது.

சம்மதம்: பூர்வகுடிகள் உரிமை பற்றிய ஐ.நா.வின் 2007 பிரகடனம் சொல்வது. எந்த வற்புறுத்தலும் இல்லாமல், முன்கூட்டியே, முழுத் தகவலும் தெரிந்த பிறகு தரும் ஒப்புதல். கனடா இதற்கு இசைவாகத் தன் சட்டங்களை மாற்றிக்கொள்வதாக 2021-இல் சட்டமே இயற்றியிருக்கிறது. சம்மதம் மறுக்கப்பட்டால் திட்டம் நின்றே ஆக வேண்டுமா என்ற சண்டை மட்டும் இன்னும் ஓயவில்லை.

இந்த நான்கில் ஒன்று இருப்பதால் இன்னொன்றும் இருக்கிறது என்று ஆகாது. இதைப் பிடித்துக்கொண்டால் பாதிக் குழப்பம் போய்விடும்.

பங்கு வாங்குவது எப்படி நடக்கிறது?

உங்கள் ஊர்ப் பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு வணிக வளாகம் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். கடைக்காரர்கள் பதினைந்து வருட வாடகை ஒப்பந்தம் போட்டிருக்கிறார்கள். வளாகத்தின் சொந்தக்காரர் பத்தில் ஒரு பங்கை விற்கிறார். அந்த வளாகம் வந்ததால் மேய்ச்சல் நிலத்தையும் வாய்க்காலையும் இழந்த நூறு குடும்பங்கள் சேர்ந்து அதை வாங்க நினைக்கின்றன. கையில் பணம் இல்லை. ஆனால் வாடகை மாதாமாதம் நிச்சயமாக வருகிறது. கடன் வாங்கிப் பங்கை வாங்கினால், வாடகையில் தவணையைக் கட்டிவிட்டு மீதியை எடுத்துக்கொள்ளலாம்.

வங்கிக்குப் போனால் அடமானம் கேட்கிறார்கள். வீடு இருக்கிறது, பட்டா இல்லை. பட்டா இல்லாத வீட்டை எந்த வங்கி ஏற்கும்? கந்துவட்டிக்காரரிடம் போனால் வாடகை முழுவதும் வட்டிக்கே போய்விடும். அப்போது வசதியான ஒருவர் வந்து, "இவர்கள் கட்டாவிட்டால் நான் கட்டுகிறேன்" என்று ஜாமீன் கையெழுத்துப் போடுகிறார். வங்கி குறைந்த வட்டிக்குக் கடன் தருகிறது. பங்கு கைமாறுகிறது.

குழாய்ப் பங்கும் கிட்டத்தட்ட இப்படித்தான். வாடகைக்குப் பதில் குழாய்க் கட்டணம். ஜாமீன் போடுபவர் அரசாங்கம்.

பட்டா இல்லாத கதை

அந்த மக்களிடம் நிலம் இல்லையா என்று கேட்கலாம். இருக்கிறது. முதல் குடிகளுக்கென்று அரசு ஒதுக்கிவைத்த ஒதுக்கீட்டு நிலங்களின் சட்டப்படியான உரிமை அரசிடம் இருக்கிறது, அதை அனுபவிக்கும் உரிமை சமூகத்திடம் இருக்கிறது. 1876-இல் வந்த இந்தியன் சட்டம் என்ற சட்டம்தான் இன்றும் இதை ஆள்கிறது. இங்கே இந்தியன் என்பது முதல் குடியினரை அரசு அழைத்த பெயர். ஒதுக்கீட்டு நிலத்தில் உள்ள சொத்தை வெளியார் அடமானமாகப் பிடிக்கவோ ஜப்தி செய்யவோ முடியாது என்கிறது அந்தச் சட்டத்தின் 89-ஆம் பிரிவு. மிச்சமிருந்த நிலமும் பறிபோகாமல் காக்க அது உதவியது உண்மை. அதே பிரிவுதான் வங்கிக் கதவையும் சாத்தியது.

இன்னொன்றையும் சொல்லாமல் விட மனமில்லை. 1927 முதல் 1951 வரை, நில உரிமைக்கு வழக்குப் போடுவதற்காக அரசின் அனுமதியில்லாமல் பணம் திரட்டுவதே அங்கே குற்றம். வக்கீலுக்குக் காசு சேர்த்தால் தண்டனை. தலைமுறை தலைமுறையாக மூலதனம் சேர விடாமல் தடுக்கப்பட்ட மக்களைப் பார்த்து "இவர்களுக்கு ஏன் அரசு ஜாமீன்?" என்று கேட்பவர்கள் இந்த வரலாற்றையும் படித்துவிட்டுக் கேட்க வேண்டும்.

கடன் உத்தரவாதம் என்பது இந்த ஜாமீன்தான். அரசு பணம் கொடுப்பதில்லை. கடன் திரும்ப வராவிட்டால் தான் கட்டுவதாகக் கடன் கொடுத்தவருக்கு வாக்குக் கொடுக்கிறது. ஆல்பெர்ட்டா மாகாணம் 2019-இல் இதற்கென்றே ஒரு அமைப்பைத் தொடங்கியது. மத்திய அரசு 2024 பட்ஜெட்டில் 500 கோடி டாலர் அளவுக்கு உத்தரவாதத் திட்டத்தை அறிவித்து, 2025-இல் அதை 1,000 கோடியாக உயர்த்தியது.

இதுவரை பார்த்தது இவ்வளவுதான்: பங்கு இலவசம் இல்லை, கடன் வாங்கி விலைக்கு வாங்குவது. அடமானம் வைக்க வழியில்லாததால் அரசு ஜாமீன் நிற்கிறது. கடனைக் கட்டுவது குழாயின் வருமானம்.

வருமானம் எங்கிருந்து வருகிறது?

எண்ணெய் விலை ஏறினால் குழாய்ப் பங்குதாரருக்குப் பணம் கொட்டும் என்று பலர் நினைக்கிறார்கள். குழாய் நிறுவனம் எண்ணெய் விற்பதில்லை. மற்றவர்களின் எண்ணெயைக் கொண்டுபோய்ச் சேர்த்துக் கட்டணம் வாங்குகிறது. எண்ணெய் நிறுவனங்கள் 15, 20 வருடத்துக்குக் குழாயில் இடம் பிடித்துக் கையெழுத்துப் போடுகின்றன; பிடித்த இடத்தைப் பயன்படுத்தாவிட்டாலும் கட்டணம் உண்டு. ஆல்பெர்ட்டாவிலிருந்து பசிபிக் கரைக்குப் போகும் டிரான்ஸ் மவுண்டன் குழாயின் விரிவாக்கத்தில் சுமார் 80 சதவீத இடம் இப்படி முன்கூட்டியே பிடிக்கப்பட்டது. அதனால்தான் குழாய் வருமானத்தை நம்பிக் கடன் கொடுக்க ஆள் கிடைக்கிறது.

ஒரு கற்பனைக் கணக்குப் போடுவோம். 20 சமூகங்கள் சேர்ந்து 100 கோடி டாலருக்குப் பங்கு வாங்குகின்றன. முழுவதும் கடன். பங்குக்கு வருடம் 9 கோடி வருகிறது. ஜாமீன் இருப்பதால் குறைந்த வட்டி. வட்டியும் அசலுமாக வருடத் தவணை 7 கோடி. மீதி 2 கோடி. ஒரு சமூகத்துக்கு 10 லட்சம் டாலர். ஜாமீன் இல்லாமல் வட்டி கூடித் தவணை 9 கோடியானால் மீதி பூஜ்யம். ஜாமீன் கையெழுத்தின் மதிப்பு அந்த 2 கோடிதான். கடன் அடைந்த பிறகு 9 கோடியும் அவர்களுக்கே, குழாய் அதுவரை ஓடினால்.

10 லட்சம் டாலர் என்பது ஒரு சிறிய சமூகத்துக்கு நல்ல தொகை. பள்ளிப் பேருந்து, வீட்டுப் பழுது, முதியோர் பராமரிப்பு, மொழி வகுப்பு என்று செலவு செய்யலாம். எதற்குச் செலவிடுவது என்று ஒட்டாவா அதிகாரியிடம் அனுமதி கேட்க வேண்டியதில்லை. பங்கு வாங்கிய பல சமூகங்கள் பெரிதாகச் சொல்வது இந்தக் கடைசி விஷயத்தைத்தான்.

ஓடும் குழாய் வேறு, காகிதக் குழாய் வேறு

இனி இந்தத் தலைப்பின் இதயத்துக்கு வருகிறோம். ஏற்கனவே ஓடிக்கொண்டிருக்கும் குழாயில் பங்கு வாங்குவதும், இனிமேல் கட்டப்போவதாகச் சொல்லும் குழாயில் பங்கு வாங்குவதும் ஒன்றல்ல. செய்திகளில் இரண்டும் ஒரே மாதிரிதான் எழுதப்படுகின்றன.

ஓடும் குழாய்க்கு நல்ல உதாரணம் 2022 செப்டம்பரில் வந்தது. என்பிரிட்ஜ் என்ற குழாய் நிறுவனம் வட ஆல்பெர்ட்டாவின் அத்தபாஸ்கா பகுதியில் இயக்கும் ஏழு குழாய்களில் 11.57 சதவீதப் பங்கை 23 முதல் குடி, மெத்தி சமூகங்கள் சேர்ந்து 112 கோடி டாலருக்கு வாங்கின. ஆல்பெர்ட்டா அமைப்பு அதில் 25 கோடிக்கு ஜாமீன் நின்றது. குழாய்கள் பூமிக்குள் ஏற்கனவே கிடந்தன, எண்ணெய் ஓடிக்கொண்டிருந்தது. வருமானத்துக்குக் காத்திருக்க வேண்டியதில்லை. ஆனால் குழாயை இயக்குவது இன்றும் என்பிரிட்ஜ்தான். 11.57 சதவீதம் வைத்திருப்பவர் "இந்தப் பாதை வேண்டாம்" என்று சொல்லும் காலம் முடிந்து பல வருடமாகிவிட்டது. வருமானத்தில் பங்கு உண்டு, முடிவில் பங்கு சொற்பம்.

பங்கு பெரிதாகவும் இருக்கலாம். 2017-இல் ஃபோர்ட் மெக்கே, மிகிசியு கிரீ என்ற இரு முதல் குடிகள் சன்கோர் நிறுவனத்தின் எண்ணெய்ச் சேமிப்புத் தொட்டி வளாகம் ஒன்றில் 49 சதவீதத்தை 50 கோடி டாலருக்குச் சற்று மேல் கொடுத்து வாங்கின. தார்மணல் சுரங்கங்களுக்குப் பக்கத்திலேயே வாழ்பவர்கள் அவர்கள். புகையையும் இழப்பையும் வாங்கிக்கொண்டவர்கள் வருமானத்தையும் வாங்கிக்கொள்ள முடிவு செய்ததில் எனக்கு எந்த முரண்பாடும் தெரியவில்லை.

காகிதக் குழாய்க்கு வருவோம். திட்டமாக மட்டும் இருக்கும் குழாய்க்கு வருமானம் கிடையாது. அனுமதி கிடைக்குமா, நீதிமன்றம் நிறுத்துமா, செலவு எவ்வளவு ஏறும் என்று எதுவும் தெரியாது. கீஸ்டோன் எக்ஸ்எல் குழாயை எடுத்துக்கொள்ளுங்கள். ஆல்பெர்ட்டாவிலிருந்து அமெரிக்காவுக்குப் போக வேண்டியது. நேச்சுரல் லா எனர்ஜி என்ற முதல் குடிகளின் கூட்டமைப்பு அதில் 100 கோடி டாலர் வரை முதலீடு செய்ய 2020 நவம்பரில் ஒப்பந்தம் போட்டது. 2021 ஜனவரி 20 அன்று அமெரிக்க அதிபராகப் பதவியேற்ற ஜோ பைடன் அன்றே அனுமதியை ரத்து செய்தார். பங்கு வாங்கும் நடைமுறை முடிந்திருக்கவில்லை. அந்தத் திட்டத்தில் முன்பே பணம் போட்டிருந்த ஆல்பெர்ட்டா அரசு நூறு கோடி டாலருக்கு மேல் இழந்தது. அந்த இடத்தில் சில ஆயிரம் பேர் வாழும் ஒரு சமூகம் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும்?

செலவு ஏறும் ஆபத்துக்கு டிரான்ஸ் மவுண்டனைவிடப் பெரிய சாட்சி இல்லை. எட்மன்டனிலிருந்து வான்கூவருக்குப் பக்கத்திலுள்ள பர்னபி வரை சுமார் 1,150 கிலோமீட்டர். பழைய குழாய் 1953 முதல் ஓடுகிறது. பக்கத்திலேயே இரண்டாவது குழாய் போட்டு, நாளொன்றுக்கு 3,00,000 பீப்பாயிலிருந்து 8,90,000 பீப்பாயாக உயர்த்துவது திட்டம். 2013-இல் சொன்ன செலவு 540 கோடி டாலர். அப்புறம் 740 கோடி ஆனது. எதிர்ப்பும் வழக்குகளும் பெருகியதால் தனியார் உரிமையாளர் விலக, 2018-இல் மத்திய அரசே 450 கோடிக்குப் பழைய குழாயையும் திட்டத்தையும் வாங்கியது. 2020-இல் மதிப்பீடு 1,260 கோடி, 2022-இல் 2,140 கோடி, 2023-இல் 3,090 கோடி. 2024 மே 1-இல் ஓடத் தொடங்கியபோது சுமார் 3,400 கோடி. எண்ணெய் நிறுவனங்களோடு போட்ட ஒப்பந்தப்படி, ஏறிய செலவு முழுவதையும் கட்டணத்தில் ஏற்ற முடியாது. கட்டிய விலைக்கு விற்றால் வாங்குபவருக்கு நட்டம், குறைத்து விற்றால் அரசுக்கு நட்டம்.

இந்தக் குழாயை வாங்க 2019 முதலே பல பூர்வகுடிக் கூட்டமைப்புகள் முன்வந்தன. ப்ராஜெக்ட் ரிகன்சிலியேஷன் என்ற ஒன்று 51 சதவீதம் கேட்டது. அரசும் விற்பதாகத்தான் சொல்லிவந்தது. அப்போதே விற்றிருந்தால் செலவு ஏறியதன் சுமை யார் தலையில் விழுந்திருக்கும் என்று கணக்குப் போட்டுப் பாருங்கள்.

இதனால்தான் புதிய திட்டங்களில் பெரும்பாலும் நேரடிப் பங்கு தராமல் வாங்கும் விருப்புரிமை தருகிறார்கள். விருப்புரிமை என்பது "குழாய் கட்டி முடிந்து ஓடத் தொடங்கிய பிறகு, விரும்பினால் இவ்வளவு பங்கை வாங்கிக்கொள்ளலாம்" என்ற வாக்குறுதி. கோஸ்டல் கேஸ்லிங்க் எரிவாயுக் குழாயில் 2022-இல் பாதையோரச் சமூகங்களுக்குக் கொடுத்தது இதைத்தான், 10 சதவீதத்துக்கு. ஆபத்து குறைவு, கட்டுமானத்தில் பேச்சுரிமையும் குறைவு.

சுருக்கமாக: ஓடும் குழாயில் வருமானம் உடனே, செல்வாக்கு குறைவு. திட்டக் குழாயில் செல்வாக்குக்கு வாய்ப்பு அதிகம், ஆனால் எல்லாம் இழக்கும் ஆபத்தும் அங்கேதான்.

பங்கு தந்தும் நின்றுபோன குழாய்

பங்கு கொடுத்தால் எதிர்ப்பு அடங்கிவிடும் என்று நினைப்பவர்கள் நார்தர்ன் கேட்வே கதையைப் படிக்க வேண்டும். ஆல்பெர்ட்டாவின் புரூடர்ஹைமிலிருந்து பசிபிக் கரையின் கிட்டிமாட் வரை 1,177 கிலோமீட்டர், நாளுக்கு 5,25,000 பீப்பாய். என்பிரிட்ஜின் திட்டம். பாதையோரச் சமூகங்களுக்கு முதலில் 10 சதவீதப் பங்கு தருவதாகச் சொன்னது, பிறகு 33 சதவீதம் வரை போனது. 31 முதல் குடி, மெத்தி சமூகங்கள் பங்குதாரராகச் சேர்ந்தன. 2014-இல் 209 நிபந்தனைகளோடு மத்திய அரசின் ஒப்புதலும் கிடைத்தது.

ஆனால் கிட்டிமாட்டில் குழாய் முடிகிறது, ஆபத்து முடிவதில்லை. அங்கிருந்து ராட்சதக் கப்பல்கள் டக்ளஸ் கால்வாய் என்ற குறுகிய கடல்வழியாக, தீவுகளுக்கு நடுவே போக வேண்டும். அந்தக் கரையில் ஹார்ட்லி பே என்ற சிறு ஊரில் கிட்காட் மக்கள் வாழ்கிறார்கள். 2014 ஜூனில் அந்த ஊர்ப் பெண்கள் முன்னின்று, வண்ண வண்ணக் கம்பளி நூலைக் குரோஷே ஊசியால் பின்னி நீண்ட சங்கிலியாக்கி, படகுகளில் எடுத்துப்போய் அந்தக் கடல்வழியின் ஒரு கரையிலிருந்து மறுகரைக்குக் குறுக்கே கட்டினார்கள். கப்பலை நூல் தடுக்காது என்று அவர்களுக்குத் தெரியாதா? யாருடைய வாசல் வழியாகக் கப்பல் விட முடிவு செய்கிறீர்கள் என்று கேட்டார்கள்.

2016-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம், அரசு முறையாகக் கலந்தாலோசிக்கவில்லை, அவசர அவசரமாக முடித்துவிட்டது என்று ஒப்புதலை ரத்து செய்தது. அதே ஆண்டு நவம்பரில் அப்போதைய பிரதமர் ட்ரூடோவின் அரசு திட்டத்தையே நிராகரித்தது. பங்குதாரராகச் சேர்ந்த 31 சமூகங்களுக்கு அது உண்மையான இழப்பு. அவர்களும் ஏமாந்தார்கள், கோபப்பட்டார்கள். அதை மறைப்பது நேர்மையாகாது. நிலத்தில் குழாய் போகும் இடத்தவர்களுக்குப் பங்கு கிடைத்தது, கடலில் கப்பல் போகும் இடத்தவர்கள் ஆபத்தை மட்டும் பார்த்தார்கள். ஒருவருடைய பங்கு இன்னொருவருடைய சம்மதம் ஆகாது.

2018-இல் டிரான்ஸ் மவுண்டன் ஒப்புதலும் இதே நீதிமன்றத்தில் ரத்தானது. அரசுப் பிரதிநிதிகள் கூட்டத்துக்கு வந்து குறிப்பு மட்டும் எடுத்துக்கொண்டு போனார்கள், பதில் பேசவில்லை என்பது நீதிமன்றத்தின் முக்கியமான குறை. மறுபடி பேசி, 2019-இல் மறுபடி ஒப்புதல் தந்தார்கள். இந்த முறை வழக்குகள் தோற்றன.

இதற்கு எதிர்ப்பக்கமும் உண்டு. கிட்டிமாட்டுக்குப் பக்கத்தில் வாழும் ஹைஸ்லா மக்கள் நார்தர்ன் கேட்வேயைக் கடுமையாக எதிர்த்தவர்கள். அதே ஹைஸ்லா மக்கள் இன்று சீடர் எல்என்ஜி என்ற திரவ எரிவாயு ஏற்றுமதி முனையத்தில் 50.1 சதவீதம் வைத்திருக்கிறார்கள். 2024 ஜூனில் முதலீட்டு முடிவாகி வேலை நடக்கிறது. தார்மணல் எண்ணெய் கடலில் கொட்டினால் கரையோர வாழ்வு பல ஆண்டுக்கு நாசம். எரிவாயுவின் ஆபத்து வேறு மாதிரி. இரண்டையும் எடைபோட்டு ஒன்றை மறுத்தார்கள், ஒன்றை நடத்துகிறார்கள். இதில் பெரும்பான்மைப் பங்கு அவர்களிடம். எனக்குத் தெரிந்து பங்குரிமை என்ற சொல்லுக்கு முழு அர்த்தம் கிடைத்த இடம் இது.

கையெழுத்துப் போடுவது யார்?

ஒரே சமூகத்துக்குள்ளும் கேள்வி எழும். இந்தியன் சட்டம் ஒவ்வொரு ஒதுக்கீட்டு நிலத்துக்கும் தேர்ந்தெடுக்கப்பட்ட ஒரு மன்றத்தை வைத்தது. அதற்கு முன்பிருந்தே பல குடிகளில் பரம்பரைத் தலைவர்கள் இருக்கிறார்கள்; பரந்த மூதாதையர் நிலத்துக்குப் பொறுப்பு அவர்களிடம் என்பது மரபு.

கோஸ்டல் கேஸ்லிங்க் பாதையில் இருந்த 20 முதல் குடிகளின் தேர்ந்தெடுக்கப்பட்ட மன்றங்களும் ஒப்பந்தம் போட்டன. வெட்சுவெட்டன் குடியின் பரம்பரைத் தலைவர்கள் மறுத்தார்கள். சுமார் 22,000 சதுர கிலோமீட்டர் நிலத்துக்கு உரிமை கோரி, கிட்க்சன் குடியோடு சேர்ந்து உச்ச நீதிமன்றம் வரை போய், 1997-இல் டெல்கமூக்கு என்ற பெயர்பெற்ற தீர்ப்பைப் பெற்றவர்கள் அவர்கள். குழாயை எதிர்த்துப் போட்டிருந்த முகாம்களை 2020-இல் போலீஸ் அகற்றியபோது அவர்களுக்கு ஆதரவாக நாடு முழுவதும் ரயில் பாதைகள் மறிக்கப்பட்டன. "20 சமூகங்களும் கையெழுத்திட்டுவிட்டன" என்பது பொய்யில்லை. அது முழு உண்மையும் இல்லை.

இப்போது பேசப்படும் புதிய குழாய்

2025 நவம்பர் 27 அன்று பிரதமர் மார்க் கார்னியும் ஆல்பெர்ட்டா முதல்வர் டேனியல் ஸ்மித்தும் கால்கரியில் ஒரு புரிந்துணர்வு ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டார்கள். ஆசியச் சந்தைக்காகப் பசிபிக் கரைக்கு நாளொன்றுக்குக் குறைந்தது 10 லட்சம் பீப்பாய் கொண்டுபோகும் குழாய். பூர்வகுடிகளின் கூட்டு உரிமையோடு கட்டப்படும் என்று அதில் எழுதியிருக்கிறது.

மேலே படித்ததை வைத்து இதைப் பார்க்கலாம். எத்தனை சதவீதம் என்று ஒப்பந்தத்தில் இல்லை. எந்தெந்தச் சமூகங்கள் என்றும் இல்லை. கையெழுத்தான நாளில் குழாயைக் கட்ட முன்வந்த தனியார் நிறுவனமும் இல்லை. ஆல்பெர்ட்டா அரசே திட்டத்தை முன்வைக்கிறது. மத்திய அரசின் உத்தரவாதத் திட்டம் எல்லாத் துறைக்கும் சேர்த்தே 1,000 கோடி டாலர். டிரான்ஸ் மவுண்டன் விரிவாக்கம் மட்டுமே 3,400 கோடியைத் தின்றது.

அப்புறம் கடல். பிரிட்டிஷ் கொலம்பியாவின் வடகரைத் துறைமுகங்களில் 12,500 டன்னுக்கு மேல் கச்சா எண்ணெய் சுமக்கும் கப்பல்கள் எண்ணெய் ஏற்றவோ இறக்கவோ கூடாது என்று 2019 முதல் சட்டம் இருக்கிறது. அந்தச் சட்டத்தால் ஈகிள் ஸ்பிரிட் என்ற, முதல் குடிகளே முன்னெடுத்த குழாய்த் திட்டம் முடங்கியது. அதை ஆதரித்த தலைவர்கள் தங்களைக் கேட்காமல் தடை போட்டதாகக் கொதித்தார்கள். ஹெய்ல்ட்சுக் போன்ற கரையோரக் குடிகளோ அந்தத் தடைக்காகப் பல ஆண்டு போராடியவர்கள். 2016 அக்டோபரில் அவர்களுடைய பெல்லா பெல்லா ஊருக்கருகே ஒரு இழுவைப் படகு பாறையில் மோதி மூழ்கியது. அது தள்ளிக்கொண்டு வந்த எண்ணெய்த் தெப்பம் நல்லவேளையாகக் காலி. படகின் சொந்த டேங்கிலிருந்து கசிந்த ஒரு லட்சம் லிட்டருக்கு மேற்பட்ட டீசலே அவர்கள் மட்டி எடுக்கும் கரையைக் கெடுத்துவிட்டது. அந்த மட்டியை உண்டும் விற்றும் வாழ்பவர்கள் அவர்கள்.

குழாயில் பங்கு வைத்திருப்பவரின் சொத்து துறைமுகத்தோடு முடிகிறது. அதற்கப்பால் எண்ணெயைச் சுமக்கும் கப்பல் வேறொருவருடையது. அதன் விபத்துக்கு இழப்பீடு தரும் சட்டங்களும் நிதியும் வேறு. கரையோரக் குடிகளுக்கு 10 சதவீதம் தந்தாலும் 50 சதவீதம் தந்தாலும் இந்த இடைவெளி அப்படியே இருக்கும். ஒப்பந்தம் கையெழுத்தான சில நாட்களில், 2025 டிசம்பர் தொடக்கத்தில், தலைநகர் ஒட்டாவாவில் கூடிய, நாடு முழுவதும் உள்ள முதல் குடிகளின் அமைப்பான முதல் குடிகள் பேரவையின் தலைவர்கள் கப்பல் தடை அப்படியே நீடிக்க வேண்டும் என்று ஒருமனதாகத் தீர்மானம் போட்டார்கள்.